கிண்ணமும் கண்ணியமும்

பரிமேலழகர் உரைவழி நாம் பயிலும் திருக்குறளின் பொருட்பாலிலே கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரமாக அமைந்துள்ளது. சூது அதனைத் தொடர்கின்றது. 95ஆவது அதிகாரம் மருந்து. குடிமையைக் கடந்து 97ஆவது அதிகாரத்தை அடைந்தால் அங்கே மானம் நிற்கின்றது. மயக்கந்தரும் பொருளை வெறுத்தவரே மானத்தையும் போற்றினார். ஒன்றை நிலைநாட்டுவதற்காக மற்றொன்றைப் பலிகொடுக்க நேரிடும் என்று கருதுவதற்கு அக்காலத்தில் நியாயம் இருக்கவில்லை. ஊழியன் ஒருவன் போதையுண்டானா என்று அறிவதற்கு அவனது மானத்தையே விலையாகக் கேட்கும் நிலைமை நமது காலத்திற்கே உரியது.

ஒரு சிறிய அறையை மனக்கண்முன் கொண்டுவருவோம். மலகூடத்துத் தொட்டியில் உள்ள நீருக்கு நீலச்சாயம் ஊட்டப்பட்டிருக்கின்றது. குழாயிலே நீர் வராதபடி அடைக்கப்பட்டிருக்கின்றது. இருபது வருடகாலம் புகையிரதம் செலுத்திய சாரதி ஒருவர், தமது மேலங்கியைக் களைந்து, சட்டைப்பையில் உள்ளவற்றை அந்நியர் ஒருவருக்கு எடுத்துக்காட்டிவிட்டு, பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றுடன் அவ்வறையினுள் நுழைகின்றார். அக்கிண்ணத்தில் அவர் கொண்டுவந்து கொடுக்கும் சிறுநீரே அவரது உத்தியோகம் நிலைக்குமா, நிலைக்காதா என்பதைத் தீர்மானிக்கப்போகின்றது. அவர் குற்றம் இழைத்தார் என்று எவரும் சொல்லவில்லை, சந்தேகிக்கவும் இல்லை. குலுக்கல் முறையிலே அன்று அவருடைய பெயர் தெரிவாயிற்று, அவ்வளவே.

ஐக்கிய அமெரிக்காவிலே பல இலட்சம் தொழிலாளரின் வாழ்வில் இது வழமையான நிகழ்ச்சி. இதனைக் கேள்வியுற்றதும் நமது உள்ளத்தில் இரண்டு குரல்கள் எழுதல் இயல்பு. “குற்றமற்றவனுக்கு அச்சம் எதற்கு?” என்று வினவுவது ஒன்று. “உடம்பு என்னுடையது, அதற்குள்ளே முதலாளிக்கு என்ன அலுவல்?” என்று சினப்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மையல்ல. சோதனை வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுவோர் கவனியாது விடுவது ஒன்றுண்டு. தொழிலாளியின் அந்தரங்கம் காக்கப்படுவதும் அழிக்கப்படுவதும் பெரும்பாலும் சோதனையின் நடைமுறையிலேதான். முத்திரை, இலக்கம், கையொப்பம், இரண்டாவது போத்தல் ஆகியவை வெறுங் கந்தோர்ச் சடங்குகள் அல்ல. சோதனைக்கு நியாயம் இருக்குமானால், அந்நியாயத்தின் பெரும்பகுதி அவற்றிலேயே தங்கியுள்ளது.

விபத்துகள் வகுத்த வழி

இச்சோதனையின் வரலாறு போர்க்களத்தில் தொடங்குகின்றது. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரிடையே ஹெரோயின் பழக்கம் பரவியமை கண்டு, ஜனாதிபதி நிக்சனின் அரசாங்கம் 1971ஆம் ஆண்டில், அவர்கள் தாயகம் திரும்புமுன் சிறுநீர்ச் சோதனைக்கு உட்படவேண்டும் என விதித்தது. பத்தாண்டுகளின் பின்னர், 1981ஆம் ஆண்டு மே மாதம் 26ஆந் திகதி இரவு, புளோரிடாக் கரைக்கப்பால் நின்ற நிமிற்ஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலே விமானம் ஒன்று மோதி வெடித்தது. பதினால்வர் மாண்டனர். தளத்திலே பணிபுரிந்து உயிரிழந்தோருள் சிலரது உடலில் கஞ்சாவின் தடயம் காணப்பட்டது. விபத்துக்குத் தளப் பணியாளர் காரணமல்லர் என்று கடற்படை கூறிற்று. எனினும், தடயம் என்ற சொல்லே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. தடயம் வேறு, காரணம் வேறு என்ற நுட்பமான வேறுபாடு அன்றே மங்கத் தொடங்கிவிட்டது.

ஆயினும் அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1972ஆம் ஆண்டுக்கும் 1983ஆம் ஆண்டுக்கும் இடையில், மதுவோ போதைவஸ்துவோ காரணமாகவோ துணைக்காரணமாகவோ அமைந்த பெரிய புகையிரத விபத்துகள் 21 நிகழ்ந்தன என்றும், அவற்றில் 25 பேர் உயிரிழந்தனர் என்றும் அமெரிக்கப் புகையிரத நிருவாகம் கணக்கிட்டது. அதன் விளைவாகப் பெரிய விபத்தின் பின் ஊழியரின் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கும் விதிகள் 1985இல் எழுந்தன. 1986ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆந் திகதி ஜனாதிபதி றேகன் பிறப்பித்த கட்டளை, சமஷ்டி அரசாங்கத்தின் பணிமனைகள் போதைவஸ்து அற்றவையாக வேண்டும் எனப் பணித்தது.

கட்டளை பிறந்து நான்கு மாதம் நிறையவில்லை. 1987ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி, மேரிலாந்து மாநிலத்தின் சேஸ் என்னும் இடத்திலே, நிறுத்தற் சமிக்ஞையைக் கடந்துவந்த சரக்குப் புகையிரத எஞ்சின்கள்மீது பயணிகள் வண்டி ஒன்று பெருவேகத்துடன் மோதிற்று. 16 பேர் மாண்டனர். எஞ்சின்களைச் செலுத்தி வந்தோர் கஞ்சா புகைத்திருந்தனர். எஞ்சின் அறையிலே எச்சரிக்கை ஒலியெழுப்பும் ஊதி, ஓசை வெளிவராதபடி ஒட்டுநாடாவால் அடைக்கப்பட்டிருந்தது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆந் திகதி, நியூயோர்க் நகரின் சுரங்கப் புகையிரதம் ஒன்று, சாரதி மது மயக்கத்தில் இருந்தமையால் தடம்புரண்டது, ஐவர் உயிரிழந்தனர். இரண்டு மாதங்களில், விமானம், புகையிரதம், பாரவண்டி, பொதுப்போக்குவரத்து ஆகிய துறைகளிலே பாதுகாப்புக்குப் பொறுப்பான ஊழியரைச் சோதிக்கும் சட்டம் நிறைவேறிற்று.

வண்டியிலே அமர்ந்திருக்கும் பயணிக்கும் ஓர் உரிமை உண்டு. தன் உயிரைத் தாங்கிச் செல்லும் கை தளராதிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையே அது. அதனை மறுப்பார் எவருமிலர்.

ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

அமெரிக்க அரசியல் யாப்பின் நான்காவது திருத்தம் 1791ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நியாயமற்ற தேடுதலிலிருந்து மனிதரின் உடலையும் இல்லத்தையும் பத்திரங்களையும் அது காக்கின்றது. அதன் வேர் ஒன்று சுங்க உத்தியோகத்தர்மீது எழுந்த கோபத்தில் ஊன்றியது. எந்த வீட்டினுள்ளும் புகுந்து தேடுவதற்குப் பிரித்தானிய ஆட்சி சுங்க அதிகாரிகளுக்கு அளித்த பொதுப் பிடியாணைகளை எதிர்த்து, ஜேம்ஸ் ஓற்றிஸ் என்னும் வழக்கறிஞர் 1761ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரில் வாதாடினார். காலத்தின் விசித்திரத்தைப் பாருங்கள்: இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், அதே திருத்தத்தின் நிழலைத் தேடி நீதிமன்றத்தின் படியேறியவர்கள் சுங்க உத்தியோகத்தரே.

1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கிற்று. புகையிரத ஊழியர் தொடுத்த ஸ்கின்னர் வழக்கு ஒன்று. சுங்க இலாகா ஊழியர் தொடுத்த வொன் றாப் வழக்கு மற்றொன்று. இரண்டிலும் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கென்னடி. சிறுநீரைப் பெற்றுச் சோதித்தலும் யாப்பின் பார்வையிலே ஒரு தேடுதலே என்பதை நீதிமன்றம் முதலில் ஒப்புக்கொண்டது. இது சிறிய விடயமன்று. ஒருவரின் பெட்டகத்தைத் திறப்பது போன்றதே அவரது உடற்கழிவைத் திறந்து பார்ப்பதும் என்பது இதன் பொருள். அதன் மூலம் கர்ப்பம், நீரிழிவு, வலிப்பு முதலிய அந்தரங்கச் செய்திகளும் வெளிப்படலாம் என்பதை நீதியரசர் கவனித்தார்.

எனினும், ஸ்கின்னர் வழக்கிலே எழுவர் சோதனையை ஏற்றனர்; இருவர் மறுத்தனர். புகையிரதச் சாரதி தளர்ந்துவிட்டார் என்பதற்கு வெளிப்படையான அறிகுறி தோன்றுமுன்னரே பேரழிவு நிகழ்ந்துவிடலாம் என்பது பெரும்பான்மையினரின் காரணம். அத்தோடு அவர்கள் நடைமுறையையும் எடைபோட்டனர். சிறுநீர் கழிக்கையில் ஒருவர் நின்று பார்க்கவேண்டும் என்று விதிகள் கோரவில்லை. யாரை, எப்பொழுது சோதிப்பது என்பது மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு விடப்படவில்லை. ஆகவே, அனுமதி கொடுக்கப்பட்டபோதே அதற்குரிய எல்லைகளும் சுட்டப்பட்டன எனலாம்.

மறுத்த இருவருள் ஒருவர் நீதியரசர் மார்ஷல். நெருக்கடி என்ற பெயராலே உரிமைகள் கைவிடப்படும் காலங்களை வரலாறு பின்னர் வருத்தத்துடனேயே நோக்குகின்றது என்பது அவரது கருத்து. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்குப் பெயர்த்ததை அனுமதித்த தீர்ப்புகளை அவர் நினைவூட்டினார்.

இதனினும் சிந்திக்கத்தக்கது நீதியரசர் ஸ்கேலியாவின் நிலை. புகையிரத வழக்கிலே சோதனையை ஆதரித்த அவர், அதே நாளில் சுங்க வழக்கிலே எதிர்த்து எழுதினார். போதைவஸ்துக் கடத்தலைத் தடுக்கும் பதவிகளுக்கும் துப்பாக்கி ஏந்தும் பதவிகளுக்கும் செல்வோரைச் சோதிக்கலாம் என்று ஐவர் தீர்ப்பளிக்க, நால்வர் எதிர்த்த வழக்கு அது. ஸ்கேலியாவின் தருக்கம் எளிமையானது. புகையிரதத் துறையிலே போதையால் விளைந்த விபத்துகளுக்குச் சான்று இருந்தது. சுங்க இலாகாவிலே அத்தகைய தீங்குக்குச் சான்று எங்கே? சோதிக்கப்பட்ட 3,600 பேரில் ஐவரிடமே போதைவஸ்து காணப்பட்டது. அரசாங்கம் போதையை எதிர்க்கின்றது என்று உலகுக்குக் காட்டும் அடையாளச் செயலுக்காக ஊழியரின் கண்ணியத்தைப் பலியிடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. ஒரே மனிதர், ஒரே நாள், இரு வேறு முடிவுகள். இரண்டையும் பிரித்தது சான்று ஒன்றே.

அவரது மறுப்பு வீண்போகவில்லை. தேர்தலில் நிற்கும் வேட்பாளர் போதைச் சோதனைக்கு உட்படவேண்டும் என்று ஜோர்ஜியா மாநிலம் இயற்றிய சட்டத்தை 1997ஆம் ஆண்டிலே எட்டு நீதியரசர்கள் செல்லாதென்றனர். ஒருவர் மட்டுமே எதிர்த்தார். வெறும் அடையாளத்தின் பொருட்டு மனிதரின் உடலைத் தேடலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கிண்ணத்தின் பயணம்

அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளின்படி அக்கிண்ணம் செல்லும் வழியைச் சற்றே தொடர்ந்து செல்வோம். நீலச்சாயமும் அடைத்த குழாயும் சிறுநீரிலே நீர் கலப்பதைத் தடுக்கும் ஏற்பாடுகள். இவை இருப்பதனாலேயே, சேகரிப்பவர் கதவுக்கு வெளியே நிற்கலாம். இயந்திரத்தனமாகத் தோன்றும் இவ்வேற்பாடு உண்மையில் மானத்தைக் காக்கும் உபாயம். ஒருவர் நேரே நின்று பார்த்தல் குறிப்பிட்ட சந்தர்ப்பங்களிலேதான் அனுமதிக்கப்படுகின்றது. அப்பொழுதும் பார்ப்பவர் அதே பாலினராக இருத்தல் வேண்டும்.

கிண்ணத்திலே குறைந்தது 45 மில்லிலீற்றர் இருத்தல் வேண்டும். நான்கு நிமிடத்தினுள் அதன் வெப்பநிலை பார்க்கப்படும். அது 32 பாகை செல்சியசுக்கும் 38 பாகைக்கும் இடைப்பட்டிருந்தால், அப்பொழுதே உடலிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். கூச்சத்தாலோ பிற காரணத்தாலோ உடனே சிறுநீர் கழிக்க இயலாதவருக்கு மூன்று மணிநேர அவகாசமும் பருக நீரும் உண்டு. பின்னர் தொழிலாளியின் கண்முன்னாலேயே அது இரு போத்தல்களில் ஊற்றப்படும்: ஒன்றில் 30 மில்லிலீற்றர், மற்றொன்றில் 15. இரண்டும் முத்திரையிடப்பட்டு, முத்திரையின்மீது தொழிலாளியே தமது பெயரின் முதலெழுத்துகளை இடுவார். பிரித்தால் கிழியும் முத்திரை அது. கூடவே செல்லும் படிவத்திலே மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்று பதியப்படும். ஆய்வுகூடத்துக்குச் செல்லும் பிரதியிலே தொழிலாளியின் பெயர் இராது.

இந்தச் சிறுசிறு ஒழுங்குகளில் ஒன்று தவறினால் என்ன நேரும்? போத்தல் மாறினால், பிறர் செய்த பிழைக்கு ஒருவர் தமது வாழ்க்கைத் தொழிலை இழப்பார். முத்திரை இல்லையேல், இடையிலே என்ன கலந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. தன்மீது சுமத்தப்பட்டதைப் பொய்யென்று நிரூபிக்கத் தொழிலாளியின் கையிலே வேறு எவ்விதச் சாட்சியமும் இல்லை. அவரது உடலே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும்போது, அச்சாட்சியைக் கலைக்காது காப்பது அவருக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச நீதியன்றோ?

ஆய்வுகூடத்திலே இரு படிகள் உண்டு. முதலாவது படி விரைவானது, மலிவானது. ஆயினும், ஒத்த வடிவுடைய வேறு பொருளைக் கண்டு மயங்கக்கூடியது. அதிலே போதைவஸ்து இல்லை என்று முடிவு வந்தால் அத்துடன் சோதனை முடிவுறும். உண்டென்று தோன்றினால் மட்டுமே இரண்டாவது படி. கலவையிலுள்ள பொருள்களை வெவ்வேறாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறுகளையும் உடைத்து, அத்துண்டுகளின் திணிவை அளந்து அடையாளங் காணும் நுண்கருவி அங்கே தீர்ப்புச் சொல்கின்றது.

இடையிலே நிற்கும் வைத்தியர்

இரண்டாவது படியும் போதைவஸ்து உண்டு என்று சொல்லிவிட்டது என்று கொள்வோம். முடிவு நேரே தொழில்தருநரின் மேசைக்குச் செல்லாது. அது முதலில் செல்வது ஒரு வைத்தியரிடம். அவர் தொழிலாளியுடன் தனிமையிலே பேசி, இதற்கு நியாயமான மருத்துவக் காரணம் உண்டா என்று வினவுதல் வேண்டும். சத்திரசிகிச்சையின் பின் நோவு தணிக்க வைத்தியர் முறைப்படி எழுதிக்கொடுத்த மருந்தே காரணம் என்று உறுதியானால், போதைவஸ்து இல்லை என்றே தொழில்தருநருக்கு அறிவிக்கப்படும். இந்த உறுதிப்படுத்தலுக்கு முன்னர் ஆய்வுகூட முடிவை மட்டும் வைத்து ஊழியரைப் பணியிலிருந்து விலக்கிவைக்க, விசேட அனுமதி இன்றி, தொழில்தருநருக்கு உரிமையில்லை.

முடிவு தவறென்று கருதும் தொழிலாளி, வைத்தியர் அறிவித்த நேரத்திலிருந்து 72 மணிநேரத்தினுள், இரண்டாவது போத்தலை வேறோர் ஆய்வுகூடத்திலே சோதிக்குமாறு கேட்கலாம். அங்கே அது உறுதியாகாவிடின் முழுச்சோதனையும் இரத்தாகும். அன்று வீணாக ஊற்றிவைத்ததாகத் தோன்றிய 15 மில்லிலீற்றரே இன்று ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையாது காக்கக்கூடும்.

வைத்தியரும் பூரண இரகசியத்தைக் காப்பவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். தொழிலாளி வெளிப்படுத்தும் நோயோ மருந்தோ பணியிலே பெரும் ஆபத்து விளைவிக்கும் என அவர் கருதினால், அதனைத் தொழில்தருநருக்குத் தெரிவிக்க விதிகள் அவரைக் கட்டாயப்படுத்துகின்றன. இதனைத் தொழிலாளிக்கு முன்கூட்டியே எச்சரித்தல் வேண்டும் என்பதுதான் அங்கே உள்ள ஒரே ஆறுதல். பயணியின் உயிரும் ஊழியரின் இரகசியமும் நேருக்குநேர் மோதும் இடம் இது. இங்கே இழப்பின்றி எவரும் தப்புவதில்லை.

வைத்தியர் ஏன் தேவை என்பதற்குக் கசகசாவின் கதை நல்ல விளக்கம். அபினைத் தரும் செடியின் விதையே கசகசா. அதனைத் தூவிய ரொட்டியை உண்டவரின் சிறுநீரிலும் மோர்பின் காணப்படலாம். ஒரு மில்லிலீற்றருக்கு 300 நானோகிராம் என்று இருந்த முன்னைய எல்லை, காலை உணவு உண்டவரையும் போதையடிமையையும் ஒன்றாக்கியது. 1998இல் அது 2,000 நானோகிராமாக உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் சிக்கல் முற்றாகத் தீரவில்லை. 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், கசகசா சேர்ந்த உணவைத் தவிர்க்குமாறு தனது படையினரை எச்சரித்தது. எல்லைக்கோடு எங்கே இடப்படுகின்றது என்பது இரசாயன விடயம் மட்டுமன்று. அது நீதியின் விடயமும் ஆகும்.

சோதனை சொல்லாதது

இவ்வளவு நுட்பமான சோதனையும் ஒரு வினாவுக்கு விடை சொல்லாது. “இந்த மனிதர் இப்பொழுது தமது வேலையைச் செவ்வனே செய்யக்கூடியவரா?” என்பதே அவ்வினா. மதுவின் நிலை வேறு. மூச்சிலே அளக்கப்படும் மதுவின் அளவுக்கும் அந்நேரத்துத் தளர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கஞ்சாவிலோ, சிறுநீரில் தேடப்படுவது மயக்கம் தீர்ந்தபின் உடல் வெளியேற்றும் எச்சம். எப்போதோ ஒருமுறை உபயோகித்தவரிடம் அது சில நாட்கள் தங்கும். நாள்தோறும் உபயோகித்தவரிடம் வாரக்கணக்கில் தங்கும். விடுமுறை நாளின் செயல் வேலைநாளின் குற்றமாக மாறுவது இவ்வாறே. பணியிடத்தைக் காக்கப் புறப்பட்ட சோதனை, பணியாளரின் வீட்டினுள்ளும் எட்டிப் பார்க்கின்றது.

இவ்வுண்மையைச் சட்டங்களும் மெல்ல உணரத் தொடங்கியுள்ளன. மயக்கந்தராத கஞ்சா எச்சத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு தொழிலாளிக்குத் தீங்கிழைப்பதைக் கலிபோர்ணியா மாநிலம் 2024ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பொதுவாகத் தடைசெய்துள்ளது; கட்டடத் தொழிலுக்கும், சமஷ்டிச் சட்டம் சோதனையைக் கட்டாயப்படுத்தும் பணிகளுக்கும் விலக்களித்துள்ளது.

அண்டை நாடான கனடாவிலே நிகழ்ந்த வழக்கொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. நியூ பிறன்ஸ்விக் மாகாணத்தின் காகிதக்கூழ் ஆலை ஒன்றிலே, ஆபத்தான பணிகளில் உள்ளோரைக் குலுக்கல் முறையில் தெரிந்து மூச்சுச் சோதனைக்கு உட்படுத்தும் முறையை நிருவாகம் தானாகவே 2006இல் புகுத்திற்று. மதுவைத் தொடாத ஒரு தொழிலாளி சோதிக்கப்பட்டார். முடிவு சுழியமே. எனினும் அவர் தாம் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தார். தொழிற்சங்கம் அவரது முறைப்பாட்டை முன்னெடுத்தது. பதினைந்து ஆண்டுகளில் மது தொடர்பான எட்டுச் சம்பவங்களே அங்கு பதிவாகியிருந்தன. 22 மாதச் சோதனையிலே ஒருவர்கூட அகப்படவில்லை. 2013ஆம் ஆண்டிலே கனடாவின் உயர் நீதிமன்றம், ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அச்சோதனை நியாயமற்றதென்ற முடிவை நிலைநிறுத்திற்று. தொழிற்சாலை ஆபத்து மிக்கது என்பது மட்டும் போதாது; மதுவால் உண்மையான சிக்கல் அங்கே நிலவுகின்றது என்பதற்குச் சான்று வேண்டும் என்றது. குற்றமற்றவனுக்கு அச்சம் எதற்கு என்று கேட்போருக்கு அத்தொழிலாளியே விடை. அவருக்கு அச்சம் இருக்கவில்லை, அவமானமே இருந்தது.

வேலியில்லாத வயல்

நாம் மேலே கண்ட காவல்கள் யாவும் சமஷ்டி விதிகள் ஆளும் பணிகளுக்கே உரியவை. நான்காவது திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தின் கையை. தனியார் கடை, களஞ்சியம், கந்தோர் ஆகியவற்றிலே தாமாகவே சோதனை நடத்தும் தொழில்தருநரை அது தடுப்பதில்லை. அங்கே தொழிலாளிக்குத் துணை மாநிலச் சட்டமும் தொழிற்சங்க ஒப்பந்தமுமே. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1985ஆம் ஆண்டிலேயே இத்தகைய சோதனைகளுக்கு எல்லை வகுத்தது. வெர்மொன்ற் மாநிலம் 1987இல் குலுக்கல் சோதனையைப் பொதுவாகத் தடைசெய்தது. வேறு பல இடங்களிலே வேலி தாழ்ந்தது, அல்லது வேலியே இல்லை. வேலை தேடி வந்தவர், முதற்படிச் சோதனை ஒன்றினாலேயே திருப்பியனுப்பப்படலாம். இரண்டாவது போத்தலைக் கேட்க அவருக்கு வழியில்லை.

வேலி இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு 1987இல் வாஷிங்டன் நகரிலே வெளிப்பட்ட செய்தி ஓர் எச்சரிக்கை. போதைவஸ்துச் சோதனைக்கெனப் பெண்களிடம் பெறப்பட்ட சிறுநீரை, அவர்கள் அறியாமலே, கர்ப்பச் சோதனைக்கும் அந்நகரப் பொலிஸ் திணைக்களம் பயன்படுத்தியிருந்தது. ஒன்றுக்கெனத் திறந்த கதவு வழியாக வேறொன்று புகுந்துவிடும் என்ற அச்சம் வெறுங் கற்பனை அன்று.

முடிவு வெளிவந்தபின்னும் காவல் தேவை. ஊழியரின் குறிப்பான எழுத்துமூலச் சம்மதம் இன்றி முடிவை மூன்றாமவருக்கு வெளியிடலாகாது என்பது போக்குவரத்து விதிகளின் பொதுநியதி. “யாருக்கும் எதையும் சொல்லலாம்” என்று மொத்தமாக வாங்கிக்கொள்ளும் சம்மதம் அங்கே செல்லாது. எதனை, யாருக்கு, எப்பொழுது என்று குறிப்பிடப்பட வேண்டும். வேலையை நாடி நிற்பவரிடம் நீட்டப்படும் தாளிலே அவர் கையொப்பம் இடாதிருப்பது எளிதன்று. ஆதலின், அவர் எதற்கு இணங்கினார் என்பதை அளந்து வைப்பது சட்டத்தின் கடமையாகின்றது.

சோதனையை முற்றாக ஒழிக்க வேண்டும் என்பது நமது முடிவல்ல. சேஸ் என்னும் இடத்திலே மாண்ட பதினாறு பேரை மறந்து அவ்வாறு சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. சோதனைக்கு முன் சான்று வேண்டும். சோதனையிலே எல்லை வேண்டும். சோதனைக்குப் பின் மௌனம் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. இவை தொழிலாளிக்குக் காட்டும் சலுகை என்று எண்ணுதலும் தவறு. முத்திரையிடாத போத்தல் மாறிப்போகுமிடத்து, குற்றமற்றவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்; மயக்கத்தில் உள்ளவரோ மறுநாளும் எஞ்சினில் ஏறி அமர்வார். அந்த வண்டியிலே பயணஞ் செய்யப்போகின்றவர்கள் நாமும் நம் பிள்ளைகளுமே.